பைப்பைச் சொருகி இழுப்பதற்கு முன்
டிராக்டர் பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

கும்பகோணத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை டிராக்டர் பட்டறை நடத்தும் தம்பிகளுக்கும், அவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரிகளுக்கும்,

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா திறக்காதா என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பித்துவிட்டது. அணை திறந்தாலும் சரி, போர் தண்ணீர் என்றாலும் சரி, இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். அதில் பாதி கிழட்டு வண்டிகள். வண்டிக்காரர் இறங்கியதும் கிளட்ச், பிரேக், ஹைட்ராலிக் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்வார்: "அப்படியே அந்த கியர் பாக்ஸ் போல்ட்டுல ஆயில் கசியுது, கொஞ்சம் டைட் வச்சு விட்டுடு தம்பி." நீங்கள் பையனைக் கூப்பிடுவீர்கள். அவன் ரிங் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவான். அந்த இரண்டு இழுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பழைய மாஸி டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சொந்த நிலத்திலும் வாடகைக்கும் ஓட்டுகிறவன். வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த நேரத்தைக் கணக்குப் போட்டால் உங்களில் சிலரோடு போட்டி போடலாம். அந்த உரிமையில் சொல்கிறேன்: போல்ட் தலையில் எண்ணெய் தெரிகிறது என்பதற்காக அந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. எண்ணெய் ஏன் அங்கே வந்தது என்று கேட்காமல் இறுக்கினால், இன்று கசிகிற போல்ட் நாளை மரை போன போல்ட் ஆகும். அப்புறம் செலவு வேறு மாதிரி.

நம் வண்டியின் கட்டுமானத்திலிருந்து தொடங்க வேண்டும். லாரிக்கு சேஸிஸ் இருக்கிறது. என்ஜினும் கியர் பாக்ஸும் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பழைய டிராக்டரில் பெரும்பாலும் சேஸிஸே கிடையாது. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் காலத்திலிருந்தே என்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சுக்கூடு மூன்றையும் வார்ப்பிரும்பில் வார்த்து, ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு, அதையே வண்டியின் உடம்பாக்கிவிட்டார்கள். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நமக்குக் கட்டித் தந்த மாஸி ஃபெர்குசன் வண்டிகளும் அதே வம்சம்தான். ஆக, கியர் பாக்ஸ் கூட்டில் இருக்கும் போல்ட் எண்ணெயை அடைத்து வைப்பதோடு வண்டியையும் தாங்குகிறது. முன்சக்கரம் வரப்பில் ஏறி இறங்கும்போதும், கலப்பை கல்லில் மாட்டும்போதும், லோடர் வாளி மண்ணைக் குத்தும்போதும் கூடு முறுகுகிறது. கண்ணுக்குத் தெரியாத முறுகல்தான். ஆனால் நாற்பது வருடம் முறுகினால் பேக்கிங் நைந்துபோகும், போல்ட்டின் பிடி குறையும், துளையின் வாய் மேலெழும்பும்.

இதோடு இன்னொன்று. கியர் பாக்ஸில் எல்லாத் துளையும் ஒரே சாதி இல்லை. சில துளைகள் வார்ப்புக்குள்ளேயே முடிந்துவிடும், குருட்டுத் துளை. சில துளைகள் உள்ளே எண்ணெய் அறைவரை ஊடுருவிப் போகும். போல்ட்டின் நுனி எண்ணெயில் நனைந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டாவது வகையில், எத்தனை இறுக்கினாலும் மரைக்கும் மரைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுருள் வழி இருந்தே தீரும். மரை என்றால் இடைவெளியோடு வெட்டுவதுதான். இடைவெளி இல்லாவிட்டால் போல்ட் உள்ளே போகாது. எண்ணெய் அந்தச் சுருளில் ஏறி வாஷருக்கு அடியில் வந்து எட்டிப் பார்க்கும். அதனால் கசியும் போல்ட்டைக் கழற்றினால், ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பாருங்கள். அடி தட்டுகிறதா, தட்டாமல் போய்க்கொண்டே இருக்கிறதா? வைத்தியம் இதை வைத்துத்தான்.

ஆனால் கழற்றும் வேலை பிறகு. முதலில் பிரீதர்.

நான் பார்த்தவரை, நம் பக்கத்து வண்டிகளில் மிக அதிகமாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கும் உறுப்பு, கூட்டுக்குள் இருக்கும் காற்று போய்வர வைத்த இந்த பிரீதர்தான். சில வண்டியில் மேல்மூடியில் சின்னத் தொப்பியாக இருக்கும், சிலவற்றில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே ஒரு துளையாக இருக்கும். சேறும் தவிடும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதைச் சிமெண்டு போட்டு அடைத்த மாதிரி அடைத்து வைத்திருக்கும். சில வண்டியில் பெயிண்ட் அடித்தவர் அதன்மேலேயே அடித்துவிட்டிருப்பார். "சும்மா ஒரு ஓட்டைதானே" என்று நினைப்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

காலையில் கியர் பாக்ஸ் 30 டிகிரியில் இருக்கிறது. மதியம் ரோட்டவேட்டர் ஓட்டி 80 டிகிரிக்குப் போகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால், அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை பவுண்டு ஏறும். இது காற்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. எண்ணெயும் சூட்டில் விரியும். என் வண்டி மாதிரி கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்றால் ஏறக்குறைய 30 லிட்டர் உள்ளே கிடக்கும். 50 டிகிரி சூடேறினால் அது ஒரு லிட்டர்போலப் பெருகும். அந்த ஒரு லிட்டர் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் இன்னும் ஏறும். இரண்டரை பவுண்டு என்பது டயருக்கு ஒன்றுமில்லை. கியர் பாக்ஸ் பேக்கிங்குக்கு அது பெரிது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்கு எண்ணெயை நிறுத்தி வைத்து அழுத்துவதற்குச் சமம். இப்போது சொல்லுங்கள், எண்ணெய் எங்கே போகும்? எந்த மரை கொஞ்சம் தளர்ச்சியோ அங்கே.

சோதிப்பது சுலபம். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திருகுங்கள். 'புஸ்' என்று சத்தம் வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி, டீசலில் ஊறவைத்து, காற்று அடித்து மாட்டுங்கள். பல வண்டிகளில் கசிவு அத்தோடு பாதியாகும். ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

இதில் டெல்டாக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ரோட்டில் ஓடிச் சூடான வண்டியை நேராகச் சேற்றுழவுக்கு இறக்குகிறோம். இரும்புச் சக்கரம் மாட்டிய வண்டி அச்சுவரை தண்ணீரில் நிற்கிறது. கூடு சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருந்த காற்று சுருங்குகிறது. பிரீதர் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சமன் செய்யும். அடைத்திருந்தால், பகலில் எண்ணெய் வெளியே வந்த அதே மரை வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அறுவடைக்குப் பிறகு டிரெயின் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் மோர் மாதிரி வெளுத்து வருகிறதே, அதற்கு மழைத் தண்ணீரையும் கியர் லீவர் ரப்பரையும் மட்டும் குறை சொல்லாதீர்கள். கசியும் போல்ட்டுக்கும் அதில் பங்கு உண்டு. எண்ணெய் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாள் ஒன்றுக்குக் கால் லிட்டர் போகும், ஊற்றிக்கொள்ளலாம். தண்ணீர் உள்ளே வந்தால் பேரிங் போகும். அதனால்தான் கிழட்டு வண்டிக்காரர் "எண்ணெய் சொட்டுனா எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்" என்று சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரீதருக்கு அடுத்து அளவு. டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் அதிகம். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம். மேல்மூடி போல்ட்டெல்லாம் அப்புறம் எண்ணெயில் குளிக்கும். டிப்பர் டிரெய்லர் மாட்டுகிற வண்டி என்றால், டிரெய்லர் தூக்கியிருக்கும்போது அளவு பார்க்காதீர்கள். ஜாக்கியில் இருக்கும் எண்ணெய் இறங்கி வந்தால் அளவு ஏறிவிடும். ஒருவரும் ஊற்றாமல் அளவு ஏறியிருந்தால் அது தண்ணீர். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும்.

இப்போது கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை. இதில்தான் பட்டறைகள் அவசரப்படுகின்றன. எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேலே ஸ்டீரிங் பாக்ஸ் அடியில் கசிந்த எண்ணெய், கூட்டின் பக்கவாட்டில் வழிந்து, வார்ப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், ஏதோ ஒரு பாவப்பட்ட போல்ட்டின் தலையில் தொங்கும். நாம் அந்தப் போல்ட்டை இறுக்குவோம்.

டீசல் போட்டுக் கழுவுவது போதாது. டீசலே ஒரு எண்ணெய். காய்ந்தாலும் பிசுக்கு விட்டுப் போகும். கழுவிய பிறகு தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, காற்றடித்து, வெயிலில் காய விடுங்கள். (அந்த நேரத்தில் பீடி பற்றவைக்கும் பெரியவர்களைத் தயவுசெய்து வெளியே அனுப்பிவிடுங்கள்.) பிறகு சாக்பீஸைப் பொடித்து, அந்தப் பக்கம் முழுக்க மெல்லியதாகத் தூவுங்கள். முகத்துக்குப் போடும் பவுடரும் ஆகும். வண்டியைச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளையில் கறுப்பாக ஒரு புள்ளி முதலில் எங்கே எழுகிறதோ அதுதான் ஊற்றுக்கண். நனைந்த இடங்களில் மிக உயரமான இடத்தைப் பிடிக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் வழிந்தது.

என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் மணிக்கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியில் ஒரு துளையும், அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் பல பழைய வண்டிகளில் இருக்கும். அங்கே சொட்டினால் அது போல்ட் விவகாரமே இல்லை. கிராங்க் பின்சீலோ, கியர் பாக்ஸ் முன்சீலோ போயிருக்கிறது. விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள்: 90 கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், தடிமனாக இழுபடும், என்ஜின் ஆயில் கறுத்து, மெலிந்து இருக்கும். அந்தத் துளையை ஒரு புண்ணியவான் எம்-சீல் வைத்து அடைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கசிவு நின்றது. எண்ணெய் உள்ளேயே ஏறிக் கிளட்ச் பிளேட்டை நனைத்தது.

இன்னொரு சந்தேகமும் வர வேண்டும்: விரிசல். துளையைச் சுற்றி வார்ப்பிரும்பு விட்டிருந்தால் அதுவும் போல்ட் கசிவு போலத்தான் தெரியும். மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தடவினால் விரிசல் கோடாக எழுந்து வரும். அப்படி வந்தால் பைப் போட்டு இழுப்பது இருக்கிற விரிசலைப் பிளப்பது. வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். கூட்டைச் சூடுபண்ணி, நிக்கல் ராடில் வைத்து, மெல்ல ஆற விடத் தெரிந்தவர்.

சரி, போல்ட்தான் என்று உறுதியாகிவிட்டது. கழற்றலாம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. என்ஜினையும் கியர் பாக்ஸையும், கியர் பாக்ஸையும் பின்கூட்டையும் சேர்க்கும் பெரிய போல்ட்டுகளை, அடியில் முட்டுக் கொடுக்காமல் கூட்டமாகத் தளர்த்தவே கூடாது. அந்தப் போல்ட்டுகள்தான் சேஸிஸ் என்று முன்பே சொன்னேன். வண்டி நடுவில் பிளந்து உட்காரும். அடியில் பையன் இருப்பான். கசிவுக்காக என்றால் ஒரு நேரத்தில் ஒரே போல்ட். அதைக் கழற்றி, வேலையை முடித்து, மாட்டி, பிறகு அடுத்தது. பேக்கிங்கும் அசையாது.

கழற்றப்போகிற போல்ட் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருந்தால் முப்பது லிட்டரையும் வடிக்கத் தேவையில்லை. அந்த மூலை மேலே வருகிற மாதிரி வண்டியைச் சரிவில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினால் பல நேரம் போதும். பருவ நடுவில் வந்த வண்டிக்கு இது பெரிய உதவி.

கழற்றிய போல்ட்டைத் தூக்கி டப்பாவில் போடாமல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது நிறையச் சொல்லும். வாஷர் என்ன வாஷர்? வெறும் ஸ்பிரிங் வாஷர் என்றால், அது நடுவில் வெட்டுப்பட்டது. எண்ணெயை எப்படி நிறுத்தும்? நுனி தட்டையாகித் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் போல்ட் நீளம், குருட்டுத் துளையின் அடியில் முட்டி நின்றிருக்கிறது. ஸ்பேனருக்கு இறுக்கமாகத் தெரிந்திருக்கும், மூடியைப் பிடித்திருக்காது. எத்தனை பைப் போட்டாலும் மூடி அமராது. மரையில் நடுப்பகுதி மட்டும் பளபளவென்று கசங்கியிருக்கிறதா? அளவு தப்பிய போல்ட்.

இந்தக் கடைசி விஷயம் நம் பக்கம் பெரிய நோய். பழைய மாஸியில் இருப்பது இஞ்ச் மரை. இப்போது கடையில் கைக்கு வருவது மில்லிமீட்டர் போல்ட். அரை இஞ்ச் துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே போகும். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டருக்கு நெருக்கமாக ஆட்டம். மரை அடுக்கும் வேறு: இஞ்சுக்கு 13 மரை ஒன்று, பதினாலரை மற்றது. நாலு சுற்று சுற்றியதும் சிக்கி, இறுகின மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு மூன்று மரை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் எண்ணெய்க்கு ராஜபாட்டை. 8 மில்லிமீட்டரும் ஐந்தின்கீழ் பதினாறும் இதே கதை. ஒரு மரை கேஜ் பெரிய விலை இல்லை. பட்டறைக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.

அடுத்து துளையின் வாய். இதை மூடியை எடுத்துவிட்டுக் கையால் தடவினால்தான் தெரியும். பல வருடம் அதிகமாக இறுக்கிய துளையில், மேல்மரை போல்ட்டோடு சேர்ந்து மேலே இழுபட்டு, துளையைச் சுற்றி ஒரு மெல்லிய மேடு எழுந்திருக்கும். மூடி அந்த மேட்டின்மேல் உட்காருமே தவிர, கூட்டின் முகத்தில் உட்காராது. பேக்கிங் எத்தனை மாற்றினாலும் கசியும். தட்டை அரத்தைப் படுக்கவைத்து அந்த மேட்டைச் சமன் செய்யுங்கள். துளையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே பிடித்து, துளையின் வாயில் இரண்டு சுற்று சுற்றி லேசாகச் சரிவு எடுத்துவிடுங்கள். அடுத்த முறை மரை மேலே இழுபட்டாலும் அந்தக் குழிக்குள்ளேயே அடங்கும். வேலை சில நிமிடம். கிரீஸ் தடவிய துணியைத் துளையில் திணித்துக்கொண்டு செய்யுங்கள், துகள் உள்ளே விழக்கூடாது. தகட்டு மூடி என்றால் மூடியையும் பாருங்கள்: போல்ட் துளை ஒவ்வொன்றும் உள்ளே குழிந்திருக்கும். கட்டைமேல் வைத்துத் தட்டிச் சமன் செய்யாமல் மாட்டினால் பயனில்லை.

இனி அடைப்பு. குருட்டுத் துளைக்கு மரையில் எதுவும் தேவையில்லை, கசிவது பேக்கிங். ஊடுருவும் துளைக்குத்தான் மரையில் அடைப்பு வேண்டும். அதற்கென்று காற்றில்லாத இடத்தில் இறுகும் மரை அடைப்புத் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கிறது. நடுத்தர வலுவுள்ளதை வாங்குங்கள். வலு அதிகமுள்ளதைப் போட்டால் அடுத்தவர் கேஸ் வைத்துச் சூடுபண்ணித்தான் கழற்ற வேண்டியிருக்கும். இந்தத் திரவம் உலோகத்தைத் தொட்டு, காற்றுப் படாமல் இருந்தால்தான் இறுகும். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் பிடிக்காது. இதில் முக்கால்வாசி வேலை சுத்தம் செய்வதுதான். போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தின்னரில் கழுவுங்கள். துளைக்குள் அதே அளவு மரை வெட்டும் டேப்பை ஒருமுறை கையால் ஓட்டிப் பழைய பிசுக்கை எடுத்து, தின்னர் தொட்ட துணித் திரியால் உலரும்வரை துடையுங்கள். திரவத்தைப் போல்ட்டின் மரையைச் சுற்றிலும் தடவி இறுக்கி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வண்டியை வெளியே அனுப்பினால் அந்தக் குப்பிக் காசு வீண்.

வாஷருக்குச் செம்பு நல்லது. பழைய செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மெத்தென்று ஆகும், ஒருமுறை போடலாம். ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர் கிடைத்தால் இன்னும் நல்லது. அடிக்கடி திறக்கும் மூடி என்றால் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டுவிடலாம்: ஸ்டட்டின் அடிமரையைத் திரவம் போட்டு நிரந்தரமாக அடைத்துவிட்டால், பிறகு நட்டை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம், எண்ணெய் வழி மூடியபடியே இருக்கும். மரை போன துளைக்கு ஹெலிகாயில் போடுகிறவர்கள் அந்தச் சுருளின் வெளிப்பக்கத்திலும் திரவம் தடவ வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சுருள், புதுக் கசிவு.

சிலிக்கான் பேஸ்ட் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டியூப்பைப் பிதுக்கிக் கேக்குக்கு ஐசிங் வைக்கிற மாதிரி மூடியைச் சுற்றி வைத்து அமுக்குகிறீர்கள். வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரிகிறது, விரலால் வழித்து எடுக்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். பழைய மாஸியில் ஹைட்ராலிக் பம்ப் கூட்டுக்குள்ளேயே, அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. அறுந்து விழும் சிலிக்கான் புழு ஒவ்வொன்றும் நேராக அதன் வடிகட்டியில் போய் ஒட்டும். நாலு மாதம் கழித்து "லிஃப்ட் தூக்க மாட்டேங்குது" என்று வண்டி திரும்பி வரும். ஒருவரும் இதையும் அதையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பேப்பர் பேக்கிங் இருக்கும் இடத்தில் பேக்கிங் போடுங்கள். சிலிக்கான் போட்டே ஆக வேண்டுமென்றால், துளையின் உட்பக்கம் சுற்றிவருகிற மாதிரி மெல்லிய ஒரே கோடு. டெஃப்ளான் டேப்பும் இப்படித்தான், நார் நாராகப் பிய்ந்து உள்ளே போகும். தண்ணீர்க் குழாய்க்கு அது போதும். போல்ட் தலைமேல் எம்-சீல் உருண்டை வைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

கடைசியாக இறுக்கம். தலையில் மூன்று கோடு போட்ட மூன்றின்கீழ் எட்டு இஞ்ச் போல்ட்டுக்கு வேண்டியது சுமார் 30 அடி-பவுண்டு. உங்கள் பையன் இரண்டடிப் பைப்பில் 30 கிலோ இழுப்பு இழுத்தால் அது 130 அடி-பவுண்டைத் தாண்டும். நாலு மடங்கு. ஒன்று போல்ட் அறும், இல்லை துளை மரை போகும், இல்லை நான் சொன்ன அந்த மேடு எழும். திரவமோ எண்ணெயோ பட்ட மரை வழுக்கும் என்பதால் அதே இழுப்பில் போல்ட் இன்னும் அதிகமாக நீளும். கொஞ்சம் குறைத்தே இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை இருக்கலாம். பைப் இல்லாத பட்டறை ஆக முடியாதா? மூடியைக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஒரு மூலையிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள்.

எண்ணெய் மாற்றும்போது ஒரு வார்த்தை. 90 ஆயில் ஓடிய கிழட்டு வண்டியில், புது வண்டிக்கு வரும் பல்நோக்கு எண்ணெயை ஊற்றினால், அது 90-ஐவிட மிகவும் மெலிந்தது. நேற்றுவரை சும்மா இருந்த மரையெல்லாம் கசிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தடித்த எண்ணெயாகத் தேடிப் போவதும் தப்பு, ஹைட்ராலிக் பம்ப் காலையில் இழுக்கத் திணறும். வண்டிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அது. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் விடுகிறவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். டப்பாவில் பிடித்து வையுங்கள், பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் வருகிறார்கள்.

இத்தனையும் செய்ய நேரம் ஏது, யார் கூலி தருவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போல்ட் ஒன்றுக்கு அரைமணி சுத்தம் செய்துவிட்டு, வண்டிக்காரரிடம் கூலி கேட்டால் "ஒரு போல்ட்டுக்கா?" என்று முறைப்பார். என் இனத்தாரின் குறை அது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இரண்டு இழுப்பு இழுத்து அனுப்புவது உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம். கூலியைக் கேளுங்கள். கழற்றிய போல்ட்டையும் கசங்கிய வாஷரையும் ஒரு துணியில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கண்ணால் பார்த்தால் கொடுக்க மாட்டேன் என்று சொல்கிற விவசாயி குறைவு. அப்படியும் முறைக்கிறவருக்குப் பிரீதரையாவது கழுவிவிட்டு அனுப்புங்கள்.

நிலத்தில் வேலை இல்லாத இந்த நாட்களிலேயே வண்டியைக் கொண்டு வரும்படி உங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் திரவம் இறுக விட வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிற மாதம் இதுதான். ஆடியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் அடுத்த வாரமே வருகிறேன். இடது பக்கத்து மூடியில் முன்னாலிருந்து மூன்றாவது போல்ட், இஞ்ச் மரை, ஊடுருவும் துளை. செம்பு வாஷர் நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பழைய மாஸி வைத்திருக்கும் ஒரு விவசாயி